ரேடார் டிடெக்டரும் ஈசிஆரும்

நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான் இந்த முறை ஊருக்கு வந்தபோது ஒரு ரேடார் டிடெக்டர் கொண்டுவந்தார். போலீஸ் வேகம் அளக்க விடும் ரேடார் அலையைப் பிடித்து, ஓட்டுபவரை எச்சரிக்கும் சின்னப் பெட்டி அது. அங்கே காரில் அதை வைத்துக்கொள்ளத் தடை இல்லை. வர்ஜீனியாவுக்குள் நுழைந்தால் அபராதம். "மாட்டிப் பாருங்க, அப்புறம் ஃபைனே வராது" என்றார். கண்ணாடியில் ஒட்டி, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் வயரைச் செருகி, ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை ஓட்டிப் பார்த்தோம்.

வழி நெடுக ஒரே அலறல். கே பேண்ட் என்கிற 24 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் போலீஸ் வேகம் அளக்கும் பல ஸ்பீடு கன்கள் வேலை செய்கின்றன. ஷோரூம்களின் தானியங்கிக் கதவுகளும், பக்கத்தில் வண்டி வந்தால் எச்சரிக்கும் கார் சென்சார்கள் பலவும் அதே அலைவரிசைதான். நீலாங்கரையில் ஒரு பெரிய எஸ்யூவி பின்னாலேயே வந்தது. அது விலகும் வரைக்கும் பெட்டி ஓயவில்லை.

சரி, நிஜமான போலீஸ் கன்னாக இருந்தால்? ரேடார் அலை தூரம் போகப் போக விரியும். முன்னால் போகும் வண்டிகளில் பட்டுச் சிதறும். அந்தச் சிதறலைப் பிடித்துத்தான் டிடெக்டர் முன்கூட்டியே சொல்கிறது. ஆனால் நம் ஊரில் வேகத்தைக் கண்காணிக்கும் போலீஸ் இன்டர்செப்டர் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது லேசர் கன். அதன் கற்றை 300 மீட்டர் தூரத்தில்கூட ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம்தான். நம்பர் பிளேட்டைக் குறிவைத்தால் அரை நொடிக்குள் வேகம் தெரிந்துவிடும். டிடெக்டர் கத்துகிறது என்றாலே நம் வேகம் அவர்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு கேமராக்களுக்கு நடுவே ஆன நேரத்தை வைத்துச் சராசரி வேகம் கணக்கிடும் முறையில் பிடிக்க ரேடார் அலையே கிடையாது.

இதையெல்லாம் சொன்னதும் மச்சான் ஜாமர் பற்றி ஆரம்பித்தார். அந்தப் பேச்சே வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். போலீஸ் கருவியைக் குழப்பும் சாமானை என் வண்டியில் ஏற்ற மாட்டேன்.

எனக்குக் கவலை வேறு. 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் 80ஐத் தாண்டினால் அவ்வப்போது பீப் அடிக்கும். 120ஐத் தாண்டினால் விடாமல் அடிக்கும். சென்னைக்குள் கார்களுக்கு 60, டூவீலருக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் 30 என்று 2023 நவம்பரில் அறிவித்தார்கள். அப்படியானால் 60க்கும் 80க்கும் நடுவில் கார் வாயே திறக்காது. ஈசிஆரில் சாயங்காலம் முக்கால்வாசிப் பேர் போவது அந்த வேகத்தில்தான்.

அந்த 20 கிலோமீட்டர் வேக வித்தியாசம் சாதாரணமில்லை. காய்ந்த ரோடு, பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 60இல் வந்த கார் முழுதாக நின்றுவிடும் இடத்தை, 80இல் வந்த கார் இன்னும் கிட்டத்தட்ட 60இல் கடக்கும். பாலவாக்கத்தில் மீடியன் இடைவெளியில் கூடையோடு நின்று ரோட்டைக் கடக்கப் பார்க்கும் அம்மாக்களை நினைத்தால் எனக்கு அந்தக் கணக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நிறைய கார்களில் செட்டிங்ஸில் நாமே வேக எச்சரிக்கை வைக்கலாம். இல்லாவிட்டால் கூகுள் மேப்ஸில் ஸ்பீடோமீட்டரை ஆன் செய்துகொள்ளலாம், காசு செலவில்லை. நான் 60க்கு வைத்திருக்கிறேன். டிடெக்டரை மச்சானின் பெட்டியிலேயே திரும்ப வைத்து அனுப்பிவிட்டேன்.