கடலடி வண்டலில் மீத்தேனும் கந்தகமும்: நான் படித்த விதம்

கடல் புவிவேதியியல் தாளுக்கு முதல் தடவை தயாரானபோது சமன்பாடுகளை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். வினாத்தாளில் சமன்பாடே கேட்கவில்லை. ஒரு வரைபடம் இருந்தது. ஆழம் கீழ்நோக்கி, சல்ஃபேட்டுக்கு ஒரு கோடு, மீத்தேனுக்கு ஒரு கோடு. இந்த வண்டலில் என்ன நடக்கிறது என்று விளக்கச் சொன்னார்கள். எனக்கு அரைப் பக்கம்கூட வரவில்லை. அடுத்த தடவை வரைந்து வரைந்து படித்தேன்.

நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்நீரில் சல்ஃபேட் (கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த அயனி) சுமார் 28 மில்லிமோலார், அதாவது லிட்டருக்கு 28 மில்லிமோல். அதை மேல் விளிம்பில் குறித்து, 7 மீட்டர் ஆழத்தில் பூஜ்ஜியத்தைத் தொடும்படி ஒரு நேர்கோடு போடுங்கள். மீத்தேன் அந்த ஆழத்தை ஒட்டித் தலைகாட்டி, கீழே போகப் போகக் கூடட்டும். இரண்டும் சந்திக்கும் பட்டைதான் சல்ஃபேட்-மீத்தேன் மாறுமண்டலம். ஆர்க்கியாவும் (பாக்டீரியா மாதிரித் தெரிந்தாலும் வேறு இனமான நுண்ணுயிர்) பாக்டீரியாவும் கூட்டுச் சேர்ந்து, ஒரு மீத்தேனுக்கு ஒரு சல்ஃபேட் என்ற கணக்கில் அங்கே மீத்தேனைத் தீர்த்துவிடுகின்றன. ஒரேகான் கரைக்கு அப்பால் உள்ள ஹைட்ரேட் ரிட்ஜ் வண்டலில் இந்தக் கூட்டை ஒளிரும் சாயம் ஏற்றிப் படமெடுத்து 2000-ல் வெளியிட்டார்கள். நடுவில் ஆர்க்கியா உருண்டை, அதைச் சுற்றி பாக்டீரியா உறை. அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள், அப்புறம் மறக்கவே மறக்காது.

இப்போது கோட்டை வாசிக்க வேண்டும். கோடு நேராகப் போகும் ஆழங்களில் சல்ஃபேட் பெரிதாகச் செலவாகவில்லை, விரவிக் கடந்து மட்டும் போகிறது. வளைகிற இடத்தில் அங்கேயே கரிமப் பொருளைச் சிதைக்கச் செலவாகிறது. சாய்வைப் பாருங்கள்: 28-ஐ 7-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 4 மில்லிமோலார். மாறுமண்டலம் 3.5 மீட்டரில் இருந்தால் அதுவே 8. மற்றவை மாறாதிருந்தால், ஃபிக் விதிப்படி (சாய்வு எவ்வளவோ அவ்வளவு வேகத்தில் பொருள் விரவும்) இரண்டாவது இடத்தில் சல்ஃபேட் இரண்டு மடங்கு வேகமாக இறங்குகிறது. அப்படியானால் கீழிருந்து மீத்தேனும் அந்த அளவுக்கு ஏறி வருகிறது. இந்த ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்குப் பாடமே பிடிபட்டது.

நான் நெடுநாள் தப்பாக நினைத்திருந்த ஒன்றும் உண்டு. நுண்ணுயிர்கள் சல்ஃபேட்டைச் செலவழித்துச் சல்ஃபைடாக்குவதுதான் சல்ஃபேட் ஒடுக்கம். துளைநீரில், அதாவது வண்டல் துகள்களுக்கு இடையே உள்ள நீரில், சல்ஃபைடு காணோம் என்றால் அது நடக்கவில்லை என்று எழுதுவேன். வண்டலில் இரும்பு இருந்தால் உருவாகும் சல்ஃபைடை அது பிடித்து வைத்துக்கொள்ளும், கடைசியில் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமமாகிவிடும். அதனால் துளைநீர் அளவோடு திண்மப் பகுதியின் அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

காரத்தன்மை, அதாவது அமிலத்தைச் சமன்செய்யும் திறன், பற்றிய கேள்வியும் இதே இடத்தில்தான் வரும். கரிமப் பொருளைச் சிதைக்கும்போது ஒரு சல்ஃபேட்டுக்கு இரண்டு பைகார்பனேட் பிறக்கும். மீத்தேனைத் தின்னும்போது ஒன்றுதான். இந்த விகிதத்தை வைத்தே எந்த வினை ஓங்கி நிற்கிறது என்று ஊகிக்கலாம். ஆனால் கார்பனேட் கனிமமாகப் படிந்து போனதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் கனத்தில் வேறுபட்ட அணுக்களை) ஒரே நாளில் முடித்துவிடலாம். மிஞ்சிய சல்ஃபேட்டில் கனமான கந்தகம் கூடும், மீத்தேனிலிருந்து பிறந்த கார்பனேட்டில் கனமான கார்பன் குறையும், அவ்வளவுதான்.

வரைபடத்தில் அடியில் மீத்தேன் புள்ளிகள் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தால் பயந்துவிடாதீர்கள். வண்டல் உருளையை மேலே தூக்கும்போது அழுத்தம் குறைந்து வாயு குமிழியாக வெளியேறிவிடும். அந்தப் புள்ளிகளை விட்டுவிட்டு, சல்ஃபேட் கோட்டை நம்பி விடை எழுதுங்கள்.