அலமாரிக்குள் போன பாட்டில்

போன நவம்பரில் கீழ்வீட்டு மதாம் எங்களை ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் இருக்கிற ஸ்ட்ராஸ்பூர் வந்து எட்டு மாதத்தில் எங்களுக்கு வந்த முதல் அழைப்பு. வெறுங்கையோடு போக முடியுமா? கடையில் அரை மணி நேரம் நின்று, 24 யூரோ கொடுத்து ஒரு பொர்தோ சிவப்பு ஒயின் வாங்கிப்போனோம். மதாம் வாங்கி லேபிளை நிதானமாகப் படித்தார், நன்றி சொன்னார், கொண்டுபோய் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். மேசைக்கு வந்தது வேறு பாட்டில். ஒல்லியாக, நெட்டையாக, பச்சையாக. பக்கத்துச் சூப்பர் மார்க்கெட்டில் 8 யூரோவுக்கு நான் தினம் பார்க்கிற ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின்.

எனக்குச் சுருக்கென்றது. ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தேன்.

அப்புறம் அடுப்பிலிருந்து ஒரு மண்சட்டியைத் தூக்கிவந்து நடுவில் வைத்தார். பூப்போட்ட நீள்வட்டச் சட்டி, மூடியைச் சுற்றிக் கோதுமை மாவு திரித்து ஒட்டியிருந்தது. கத்தி முனையால் மாவைச் சுற்றிலும் நெம்பி மூடியைத் திறந்தபோது எழுந்த ஆவியில் என் கண்ணாடி மறைந்துவிட்டது. மாடு, பன்றி, ஆடு மூன்று கறியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் அடுக்கடுக்காக. பெக்கெயோஃப என்று பெயர், அல்சாஸ் பேச்சில் ரொட்டிக்காரர் அடுப்பு என்று அர்த்தம். அந்தக் காலத்தில் திங்கட்கிழமை துணி துவைக்கிற நாள். முதல் நாள் ராத்திரியே கறியை வெள்ளை ஒயினில் ஊறப்போட்டு, காலையில் சட்டியை ரொட்டிக்காரரிடம் கொடுத்துவிட்டுத் துவைக்கப் போவார்களாம். ரொட்டி சுட்டு முடிந்து தணியும் அடுப்பில் அது தானாக வெந்துகொண்டிருக்கும்.

"நேற்று இதே ஒயினில்தான் ஊறவைத்தேன். சட்டிக்குள் போனதுதான் கோப்பைக்கும் வரவேண்டும். உங்களுடையது ஆட்டுத் தொடை சமைக்கும் நாளுக்குக் காத்திருக்கட்டும்," என்றார் மதாம். என்ன சமைக்கிறோமோ அதற்கேற்ற ஒயினை வீட்டுக்காரர் முன்பே எடுத்து வைத்திருப்பார், விருந்தாளி கொண்டுவருவதை அன்றைக்கே திறந்தாக வேண்டியதில்லை, இங்கே வழக்கம் அப்படித்தான். யோசித்தால் நம் ஊரில் மட்டும் என்ன, விருந்தாளி வாங்கிவந்த அல்வாவை அவர் கண் முன்னாலேயா பிரிக்கிறோம்?

ஆனால் சோற்றோடு ஒயின் என்பது எனக்குப் பழக நாளாயிற்று. காரைக்காலில் குடி என்றால் எப்படி, தெரியும்தானே. கல்யாண வீட்டில் மாமா கொல்லைப்பக்கம் போய்விட்டு வருவார், ஆயா முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒயினை நான் பார்த்ததெல்லாம் பூசையில் சாமியார் கையில்தான். இங்கே எழுபது தாண்டிய ஓர் அம்மா அரைக் கோப்பை ஊற்றி, பக்கத்தில் தண்ணீரும் வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் பேரப்பிள்ளைகள் கதை பேசுகிறார்.

எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. பூர்கோன் பக்கம் மாட்டுக்கறியை அந்த ஊர்ச் சிவப்பிலேயே மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். சவ்வாவில் பாலாடைக்கட்டியை உருக்கும் சட்டியிலும் கோப்பையிலும் அந்த ஊர் வெள்ளையே. தென்மேற்கில் வாத்தும் வெள்ளை பீன்ஸும் கொழுப்பில் ஊறிக் கிடக்கும் கசூலேக்கு மதிரான் சிவப்பு, அதன் துவர்ப்பு நாக்கில் படிந்த கொழுப்பை வழித்துவிடும். வாழைப்பூ வடைக்கு இருக்கிற அதே துவர்ப்பு என்று நான் சொல்வேன், யார் வேண்டுமானாலும் மறுக்கட்டும். அல்சாஸ் திராட்சையைப் பழுக்கவைக்கும் வெயிலுக்கும் காரணம் நமக்குத் தெரிந்ததுதான். மேகத்தை வோழ் மலை அந்தப் பக்கமே பிழிந்துவிடுகிறது, தேனிக்கு மேற்கே மலை செய்வதைப்போல. பிரான்சிலேயே மழை குறைந்த ஊர்களில் ஒன்று கொல்மார். அந்த வெயிலில் பழுத்த திராட்சையின் ஒயினை 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அல்சாஸிலேயே பாட்டிலில் அடைத்தாக வேண்டும்.

இப்போது நானும் இந்த ஊர்க்காரிதான் என்று வீட்டில் இவரிடம் சொல்லிக்கொள்வேன். கடைக்குப் போனால் முன்ஸ்டர் பாலாடைக்கட்டியை மூக்கைப் பொத்தாமல் எடுக்கிறேன், அதற்கு ரோஜா வாசமடிக்கும் கெவூர்ட்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை ஒயினைத் தேடுகிறேன். முதல் தடவை பொட்டலத்தைப் பிரித்தபோது குளிர்ந்த சமையலறையில் அந்த வாடை எழுந்து, நான் பத்து வயதில் ஆயா வீட்டு மொட்டைமாடியில் காக்கா விரட்டிக்கொண்டு கருவாட்டுக்குக் காவல் இருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் ஒன்றும் ஓடவில்லை.

உயிர்ப்பு ஞாயிறன்று மதாம் மறுபடி கூப்பிட்டார். பூண்டு செருகிச் சுட்ட ஆட்டுத் தொடை, பச்சை பீன்ஸ் விதை, நடுவில் எங்கள் பொர்தோ. கழுத்தில் நூலால் ஒரு சீட்டு கட்டியிருந்தது: "மேல்வீட்டுப் பிள்ளைகள், நவம்பர்." கோவிலில் கூட அழாதவள் நான். இவர்தான் பேச்சை மாற்றினார்.

பதிலுக்கு நான் மீன்குழம்பு வைத்தேன். பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பேலில் வாங்கிவந்த புளி, முந்தின நாள் வைத்துச் சுண்டிய குழம்பு, தொட்டால் எண்ணெய் மிதக்கும் பதம். மதாம் விடுவாரா, மூன்று பாட்டிலோடு மேலே ஏறி வந்தார். ரீஸ்லிங்கின் புளிப்பும் நம் புளியும் மோதிக்கொண்டன. பீனோ கிரி காரத்துக்கு முன்னால் வெறும் தண்ணீராகிவிட்டது. கெவூர்ட்ஸ்ட்ராமினர் கொஞ்சம் தாக்குப்பிடித்தது, அதுவும் தேங்காய்ப்பால் விட்ட சொதிக்கென்றால் நன்றாக இருந்திருக்கும், குழம்புக்கு இல்லை. மதாம் மூக்கைத் துடைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். பிறகு கோப்பைகளைத் தள்ளிவைத்துவிட்டு, "உங்கள் ஊரில் இதோடு என்ன குடிப்பீர்கள்?" என்றார்.

தண்ணீர், என்றேன். என்ன தண்ணீர் என்று கேட்டார். குழாய்த் தண்ணீரைக் காட்டி இதுதான் என்று சொல்ல வாய் வரவில்லை. முற்றத்து ஓரம் மணல் கொட்டி அதன்மேல் உட்கார்த்திய பானை, உள்ளே முடிச்சுப் போட்ட வெட்டிவேர், வெளிப்பக்கம் வியர்த்துக் கிடக்கும் ஈரம், ஆயாவின் பித்தளைச் சொம்பு உள்ளே போகும்போது வரும் அந்தச் சத்தம். என் பிரெஞ்சில் பாதிதான் சொல்ல முடிந்தது. மதாம் மண்பானைக்கு அளவு கேட்டார்.