செல்போன் கேமராவில் ஒரு சொட்டுத் தண்ணீர்

2018இல் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மாறியபோது, முதல் வருடம் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குத்தான் புதுப் புத்தகம். ஆறாம் வகுப்பு அறிவியல் என்னுடையது. நல்ல தாள், வண்ணப் படங்கள், பாடத்துக்குள் க்யூஆர் கோடு. அரசின் பாடச் செயலியான தீக்‌ஷாவில் காட்டினால் வீடியோ ஓடும். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

வகுப்பில் 38 பிள்ளைகள், கையில் ஐந்தரை அங்குலத் திரை. முன்னால் நின்ற ஆறு பேர் வீடியோவைப் பார்த்தார்கள். மற்றவர்கள் அந்த ஆறு பேரின் முதுகைப் பார்த்தார்கள். டவர் ஜன்னலோரம் மட்டும்தான் கிடைக்கும் என்பதால் வகுப்பே அங்கே குவிந்தது. பாதியில் வீடியோ நின்று வட்டம் சுற்ற ஆரம்பித்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அது திரும்ப வெளியே வந்தது தற்செயலாக. மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிவிட்டு வந்த ஒரு மாணவி, மேசையில் அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்து ஈரக் கையோடு நீட்டினாள். கேமரா மேல் ஒரு சொட்டுத் தண்ணீர். பேசி முடித்தபின் கேமராவைத் திறந்து மேசைப் பக்கம் கொண்டுபோனால், மரத்தின் இழை கயிறு கயிறாகத் தெரிகிறது. சொட்டு குவிலென்ஸாக வேலை செய்கிறது. அவ்வளவுதான் விஷயம், பாடத்தில் நானே நடத்துவதுதான்.

மறுநாள் இங்க் ஃபில்லரோடு போனேன். சொட்டு சின்னதாக இருக்க வேண்டும், பெரிதானால் வழிந்துவிடும். போனை ஒரே மூச்சில் கவிழ்த்தால் பரப்பு இழுவிசை சொட்டைப் பிடித்துக்கொள்ளும். பொருளைக் கிட்டத்தில், ஒரு விரல் அகலத்துக்கும் உள்ளே வைக்க வேண்டும். (ஒருமுறை தண்ணீர் உள்ளே போய், இரண்டு நாள் என் போன் சளி பிடித்த குரலில் பேசியது. பழைய போனில் செய்வது உத்தமம்.) உப்பு, எறும்பின் கால், சட்டை நூல் என்று ஆளுக்கொன்றோடு வரிசையில் நின்றார்கள். அதே ஐந்தரை அங்குலம்தான், ஆனால் யாரும் யாரையும் தள்ளவில்லை. அவரவர் கொண்டுவந்ததை அவரவர் பார்த்தால் போதும் என்று இருந்தது.

ஒருவன் பாடப்புத்தகத்தின் இலைப் படத்தையே கீழே வைத்தான். பச்சையைக் காணோம். நீலப் புள்ளி, மஞ்சள் புள்ளி, அங்கங்கே கறுப்பு.

“சார், பச்சை எங்க போச்சு?”

நீலம், மஞ்சள், ரோஸ், கறுப்பு என்று நாலு மையில்தான் வண்ணப் படங்களை அச்சடிக்கிறார்கள், மிச்சத்தை நம் கண் கலந்துகொள்கிறது என்று சொன்னேன். அன்றைக்கு எடுக்க வேண்டிய பாடம் அப்படியே நின்றது. நான் கவலைப்படவில்லை.

அதன்பிறகு போனை வைத்து எதையாவது காட்டுவதைவிட, பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடிப்பதே மேல் என்று பட்டது. ப்ளிக்கர்ஸ் என்ற வினாடி வினா செயலி அப்படித்தான் கைக்கு வந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் அச்சிட்ட அட்டை, அட்டைக்கு அட்டை வடிவம் வேறு. எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறார்களோ அதுவே விடை. போன் கேமராவால் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தால் யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். பக்கத்து அட்டையைப் பார்த்து எழுதவும் முடியாது.

மூடிய டப்பாவில் பனிக்கட்டி உருகினால் எடை என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் “புரிஞ்சுதா?” என்றதற்கு வகுப்பே “புரிஞ்சுது சார்” என்று பாடியிருந்தது. 21 பேர் ‘குறையும்’ என்றிருந்தார்கள். வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பெண் ‘மாறாது’ என்று சரியாகச் சொல்லியிருந்தாள். இத்தனை வருடம் எத்தனை ‘புரிஞ்சுது சார்’களை நம்பி அடுத்த பக்கம் புரட்டினேனோ தெரியவில்லை.

சொட்டு மட்டும் இன்னும் ஓயவில்லை. போன வாரம் ஒரு பையன் மடித்த புதுப் பத்து ரூபாய் நோட்டோடு வந்தான். தேடிப்பிடித்தோம்: கோடு மாதிரி தெரிந்த இடத்தில் பொடிப்பொடியாக எழுத்துகள். அவன் நோட்டைத் திரும்ப மடித்துக்கொண்டு, “அப்பா கடையில எல்லா நோட்டையும் பாக்கணும், ஃபில்லர் தாங்க சார்” என்றான். போன் அப்பாவிடம் இருக்கிறதாம்.