எத்தனை நாள் கோர்ஸ்?

"எத்தனை நாள் கோர்ஸ் சார் இது?"

வேளச்சேரியில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட்டாக இருக்கிறேன். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற, சுகருக்கும் எடை குறைக்கவும் வாரம் ஒருமுறை போடும் ஊசி இந்தியாவுக்கு வந்ததிலிருந்து கவுன்டரில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கேட்பவர்களில் பலருக்குச் சுகர் கிடையாது. எடை குறைய வேண்டும், அவ்வளவுதான்.

ஆன்டிபயாடிக் என்றால் ஐந்து நாள், பூச்சி மாத்திரை என்றால் ஒரு வேளை. அந்தக் கணக்கிலேயே இதையும் பார்க்கிறார்கள். தையில் கல்யாணம் வைத்திருந்த ஒரு பெண், அதே வகையைச் சேர்ந்த செமாக்ளூடைட் என்ற ஊசியை ஐப்பசியில் ஆரம்பித்து மார்கழியோடு முடித்துவிடலாமா என்று கேட்டார். வாரம் ஒரு ஊசி, 0.25 மில்லிகிராமில் தொடங்கி நாலு வாரத்துக்கு ஒரு படியாக ஏற்ற வேண்டும். எடைக்கான முழு அளவான 2.4-ஐத் தொடவே 16 வாரம் ஆகிவிடும். அதற்குள் முகூர்த்தம் முடிந்து மறுவீடும் முடிந்திருக்கும்.

சாப்பிட்டதும் குடலில் சுரக்கிற ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனின் வேலையை இந்த மருந்து செய்கிறது. இரைப்பை மெதுவாகக் காலியாகும், மூளை சீக்கிரமே 'போதும்' என்றுவிடும். மருந்தை நிறுத்தினால், லீவில் போன பசி வேலைக்குத் திரும்பிவிடும். சுகர் இல்லாதவர்களுக்கு 68 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. ஊசியை நிறுத்தி ஒரு வருடம் ஆனபோது, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. ஆக, இது பிரஷர் மாத்திரை மாதிரி. கோர்ஸ் என்ற பேச்சே பொருந்தாது.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊசிகள் வருவதற்கு முன்பே இதே செமாக்ளூடைட் ரிபெல்சஸ் என்ற பெயரில் சுகருக்கான மாத்திரையாகக் கிடைத்தது. எங்கள் தெரு அக்கா ஒருவர், சுகர் இல்லாதவர், "டாக்டர் சீட்டு நாளைக்குக் கொண்டு வர்றேன் தம்பி" என்றார். பல வருடப் பழக்கம். ஒரு அட்டை கொடுத்துவிட்டேன். அந்த நாளை வரவே இல்லை. கொஞ்ச நாள் கழித்து, "ஒண்ணுமே வேலை செய்யல" என்று வந்தார். எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்றால், காலை ஃபில்டர் காபியோடாம்! வெறும் வயிற்றில், அரை டம்ளர் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டிய மாத்திரை அது. நானும் பெரிய மனுஷன் மாதிரி அதை விளக்கி அனுப்பினேன். அடுத்த வாரம் வாந்திக்கு மாத்திரை கேட்டு வந்தார். பேச்சுவாக்கில், "பித்தப்பையில கல் இருக்குன்னு போன வருஷமே ஸ்கேன்ல சொன்னாங்களே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பித்தப்பைத் தொந்தரவு இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவுகளில் ஒன்று. டாக்டரிடம் போயிருந்தால் முதலிலேயே கேட்டிருப்பார். மாத்திரையை நிறுத்தச் சொல்லி அன்றே டாக்டரிடம் அனுப்பினேன். அப்புறம் யாராக இருந்தாலும் சரி, சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை. இரண்டு மூன்று பழைய வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

சுகர் இல்லாமல் இதைக் கேட்பவர்கள் எல்லோருமே நடக்கச் சோம்பல்படுகிறவர்கள் என்று கொஞ்ச காலம் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றியவர் வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர். 118 கிலோ. சுகர் இல்லை, ஆனால் பிரஷர் உண்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும், பறக்கும் ரயில் நிலையப் படிகளில் பாதியில் நின்றுவிடுவார். மவுன்ஜாரோவுக்கு முறையாகச் சீட்டோடு வந்தார். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 30 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் எடையால் வந்த வேறு நோயோடு 27 அல்லது அதற்கு மேல் இருந்தால் சுகர் இல்லாதவர்களுக்கும் கொடுக்கலாம் என்றுதான் இங்கே அனுமதி. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐஸ் பேக் வைத்த டிபன் பையோடு வந்து ஒரு குப்பி வாங்கிப் போவார். 2025-இல் அறிமுகமானபோது இருந்த விலையில் முதல் மாதம் குப்பி 3,500 ரூபாய், அளவு ஏறியதும் 4,375. இப்போது படிகளில் நிற்பதில்லையாம்.

அவர் எத்தனை நாள் கோர்ஸ் என்று கேட்டதே இல்லை. போன வாரம் பில் போடும்போது வேறொன்று கேட்டார்: "இத நிறுத்த முடியாதுன்னா, ரிட்டயர் ஆனப்புறம் எப்படி சார் வாங்குறது?"

மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன். அவருக்கு இன்னும் நாலு வருட சர்வீஸ் இருக்கிறது.