5,600 சுற்றில் ஒரு நடுக்கம்: ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் செய்து பார்த்தவை

என் வண்டி ஒற்றைச் சிலிண்டர் வகை. என்ஜினின் உதறலைச் சமன்செய்யும் பேலன்சர் தண்டு இல்லாத பழைய வடிவமைப்பு. மணிக்கு 80 கிலோமீட்டர் வரை அதன்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. 95-ஐத் தாண்டியதும் வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மெல்ல மரக்கத் தொடங்கும். 100-ல் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரியும். ஆனால் 110-ஐத் தொட்டால் எல்லாம் சற்று அடங்கிவிடும். இந்தக் கடைசிச் செய்திதான் என்னை யோசிக்க வைத்தது. வேகம் கூடக் கூட அதிர்வும் கூடிக்கொண்டே போனால், இந்த என்ஜினின் குணமே அப்படித்தான் என்று விட்டுவிடலாம். ஓரிடத்தில் ஏறி, அதைத் தாண்டியதும் இறங்குகிறது என்றால், என்ஜின் தருகிற உதறலை வண்டியின் ஏதோ ஒரு பாகம் வாங்கிப் பெரிதாக்குகிறது என்று பொருள்.

முதலில் உதறுவது என்ஜின்தானா என்று உறுதிசெய்ய வேண்டியிருந்தது. ஆளில்லாத நேரான சாலையில் 100-ல் போகும்போது கிளட்சைப் பிடித்து என்ஜினைத் தணியவிட்டேன். நடுக்கம் அக்கணமே நின்றது. 100-ல் கடைசி கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 5,600 சுற்று ஓடும். அடுத்து, 80-லேயே நான்காவது கியருக்கு இறக்கி என்ஜினை அதே 5,600 சுற்றில் வைத்தேன். வேகம் குறைவு, நடுக்கம் அதே. ஆக, சக்கரமும் டயரும் குற்றவாளிகள் அல்ல. கணக்கும் இதையே சொல்கிறது. சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர் என்றால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு 14 முறை சுழலும். டயர் சமநிலை தவறினால் வருவது அந்த நிதானமான குலுக்கல். என் விரல்களை மரக்க வைப்பதோ வினாடிக்கு 93 முறை வருவது. 5,600-ஐ 60-ஆல் வகுத்தால் கிடைப்பதும் அதே 93.

பேலன்சர் இல்லாத ஒற்றைச் சிலிண்டர் ஏன் உதறுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது புரிய அது தேவை. பிஸ்டன் மேலும் கீழும் போய் நின்று திரும்புகிறது. அதை நிறுத்தித் திருப்பும் விசை முழுவதும், பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் வழியாக என்ஜின் கூட்டுக்கு வருகிறது. கிராங்கில் எதிர்எடை வைத்து அதை முழுவதும் சமன்செய்யலாமே என்றால், எதிர்எடை வட்டமாகச் சுற்றுகிறது, பிஸ்டன் நேர்கோட்டில் ஓடுகிறது. மேல்கீழ் உதறல் போய், அதே அளவு முன்பின் உதறல் வந்துவிடும். அதனால் ஏறத்தாழ பாதியை மட்டும் சமன்செய்துவிட்டு, மீதியைச் சட்டகத்துக்கும் ஓட்டுபவருக்கும் பகிர்ந்தளித்துவிடுகிறார்கள். அந்த மீதிப் பாதியைத் தின்னத்தான் கிராங்குக்கு எதிர்த்திசையில் சுற்றும் பேலன்சர் தண்டு. என் வண்டியில் அது இல்லாததால் மீதி எனக்கு வருகிறது. இந்த விசை சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தில் ஏறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

“நான்கு சிலிண்டர் வண்டி வாங்கிவிடுங்கள், தொல்லை தீர்ந்தது” என்றார் ஒரு நண்பர். அவ்வளவு எளிதில் தீராது. நான்கு சிலிண்டர் வரிசை என்ஜினில் இரண்டு பிஸ்டன் ஏறும்போது இரண்டு இறங்குவதால், ஒரு சுற்றுக்கு ஒருமுறை வரும் முதல்நிலை உதறல் தீர்ந்துவிடும். ஆனால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் சாய்வினால் ஒரு சுற்றுக்கு இருமுறை வரும் இரண்டாம்நிலை உதறல், நான்கு பிஸ்டன்களிலிருந்தும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும். அது பொடி அதிர்வு. கண்ணாடி தெளிவாக இருக்கும், விரல் மட்டும் குறுகுறுக்கும். இரட்டைச் சிலிண்டரில் ஒரு பிஸ்டன் மற்றதற்கு 270 பாகை பின்னால் வரும்படி கிராங்க் வைத்தால் இந்த இரண்டாம்நிலை உதறல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 1995-ல் யமஹா டிஆர்எக்ஸ் 850-ல் அப்படித்தான் செய்தார்கள். இன்று பல நிறுவனங்கள் அதே வழியில் போகின்றன. 1967-ல் வந்த நார்ட்டன் கமாண்டோ வேறு வழி பிடித்தது. என்ஜின் உதறினால் உதறட்டும் என்று விட்டு, என்ஜினையும் கியர்பெட்டியையும் பின்சக்கரக் கையையும் சேர்த்து ரப்பர் தாங்கிகளில் ஏற்றி, ஓட்டுபவரிடமிருந்து பிரித்துவைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு அது. ஆனால் என் சட்டகத்தில் என்ஜினும் ஓர் எலும்பு. அதை ரப்பரில் மிதக்கவிட முடியாது.

அடுத்து அளவு. கையின் உணர்வை நம்பினால் நேற்று கொடுமையாக இருந்தது இன்று பரவாயில்லை என்று தோன்றும். அதனால் கைபேசிக்குள் இருக்கும், அசைவின் முடுக்கத்தை அளக்கும் முடுக்கமானியை வைத்து அளந்தேன். இதில் இரண்டு எச்சரிக்கைகள். கேமராவில் ஆடாமல் படமெடுக்கும் வசதியுள்ள நல்ல கைபேசியை ஹேண்டில்பாரில் கட்டாதீர்கள். பெரிய மோட்டார்சைக்கிள் என்ஜின்களின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எழுதி அறிவித்திருக்கிறது. நான் கட்டியது கேமராவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாத ஒரு பழைய கைபேசி. இரண்டாவது எச்சரிக்கை இன்னும் முக்கியம். செயலி வினாடிக்கு 100 முறை மட்டும் அளந்தால், 93 ஹெர்ட்ஸ் அதிர்வு வரைபடத்தில் 7 ஹெர்ட்ஸாக வந்து உட்காரும். பார்ப்பவர் சாலையின் மேடுபள்ளம் என்று நினைத்துக்கொள்வார். அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக அளந்தால்தான் உண்மை தெரியும். நான் வினாடிக்கு 400 என்று வைத்தேன்.

கைப்பிடியின் ஓரத்தில் 5,600 சுற்றில் கிடைத்தது சராசரியாக 28 மீ/வி². அந்த அதிர்வெண்ணில் அது இரு பக்கமும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் சொச்ச அசைவுதான், ஒரு தாளின் கனம். கையதிர்வுக்கான பன்னாட்டு அளவுமுறை தாழ்ந்த அதிர்வெண்களைத்தான் அதிகம் பொருட்படுத்துகிறது. 93 ஹெர்ட்ஸில் வருவதை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைத்துக் கணக்கிடும். அப்படிக் குறைத்தும் 4.7 வருகிறது. அதிர்வுக் கருவிகளோடு வேலை செய்பவர்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் வகுத்த விதியில், எட்டு மணி நேரச் சராசரி 2.5-ஐத் தொட்டால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். நான் இரண்டு மணி நேரம் 100-ல் போனால் அந்தக் கோட்டின் பக்கத்தில் வந்துவிடுகிறேன். நானே முதலாளி, நானே தொழிலாளி. நடவடிக்கை எடுத்தேன்.

போல்ட்டுகள்

எதையும் வாங்குவதற்கு முன் என்ஜினைச் சட்டகத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளைப் பார்ப்பது நல்லது. செலவில்லாத வேலை. கீழே இருந்தவை இறுக்கமாகவே இருந்தன. சிலிண்டர் தலையைச் சட்டகத்தோடு இணைக்கும் மேல் தகடு, பெட்ரோல் டேங்கைக் கழற்றினால்தான் தெரியும். அங்கே வாஷரைச் சுற்றிச் செம்பழுப்பில் நைசான தூள் படிந்திருந்தது. விரலால் தொட்டால் ஒட்டியது. வாஷருக்கு அடியில் பெயின்ட் தேய்ந்து, கண்ணாடிபோல் மினுங்கும் ஒரு வளையம். இரும்போடு இரும்பு பொடியளவில் உரசிக்கொண்டே இருந்தால் உதிரும் துரு இது. நட்டு கழன்றிருக்கவில்லை. ஸ்பேனருக்கு இறுக்கமாகத்தான் தெரிந்தது. ஆனால் இரண்டு பரப்புகளும் ஒன்றாக நிற்கவில்லை.

அதை மட்டும் இறுக்கினால் போதாது. எல்லாப் போல்ட்டுகளையும் அரைச்சுற்று தளர்த்தி, என்ஜின் தன் எடையில் தானாக உட்கார இடம் கொடுத்து, பிறகு கையேடு சொல்லும் வரிசையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினேன். கோணலாக இழுபட்டு நிற்கும் என்ஜின் எந்த இறுக்கத்திலும் நிம்மதியாக இருக்காது. ஃபுட்ரெஸ்டிலும் டேங்கிலும் உடனே வித்தியாசம் தெரிந்தது. முழங்காலால் டேங்கை அணைத்தால் இருந்த கிறுகிறுப்பு போயிற்று. கைப்பிடியில் 28 என்பது 22 ஆயிற்று. நல்லதுதான், ஆனால் உச்சம் அதே 5,600-ல் நின்றது.

ஹேண்டில்பார்

நடுவில் பிடித்து இரு முனைகளும் தொங்கும் ஒரு குழாய்தான் ஹேண்டில்பார். தட்டினால் தனக்கென்று ஓர் அதிர்வெண்ணில் துடிக்கும். என்ஜினின் அதிர்வெண் அதோடு பொருந்தும்போது குழாய் குதிக்கிறது. முனையில் எடை ஏற்றினால் அந்தத் துடிப்பு தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறங்கும். ஓர எடை அதிர்வை உறிஞ்சிவிடும் என்று பலர் சொல்வதுண்டு. உறிஞ்சுவதில்லை, நகர்த்துகிறது.

ஏற்கெனவே இருந்த சிறிய எடைகளை எடுத்துவிட்டுக் கனமான எஃகு எடைகளைப் பொருத்தினேன். 5,600-ல் 22-லிருந்து 11-க்கு இறங்கியது. கண்ணாடியில் லாரி ஒன்றாயிற்று. உச்சம் எங்கே போயிற்று என்று தேடினால் 4,700 சுற்றில், அதாவது 84 கிலோமீட்டரில், 19 என்று உட்கார்ந்திருந்தது. முன்பு எனக்குப் புகாரே இல்லாத வேகம் அது. ஆனாலும் எனக்கு இது இலாபம். 84-ல் நான் நீண்ட நேரம் இருப்பதில்லை, கடந்து போகிறேன்.

இந்த இடத்தில் செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றிப் பார்த்தேன். முன்பக்கம் 14 பல்லுக்குப் பதில் 15. 100-ல் என்ஜின் 5,230 சுற்றுக்கு இறங்கியது, உதறும் விசை கணக்குப்படி 13 விழுக்காடு குறைவு. பலரும் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஓர எடை இல்லாத வண்டியில் அது சரியான பரிந்துரையும்கூட. என் வண்டியிலோ உச்சம் இப்போது கீழே 4,700-ல் இருக்கிறது. சுற்றைக் குறைத்தால் நான் அதை நோக்கித்தான் போகிறேன். 84-ல் இருந்த நடுக்கம் 90-க்கு ஏறிவந்தது. 100-ல் கைப்பிடியில் அளவு கூடியதே தவிர குறையவில்லை. போதாக்குறைக்கு, எதிர்க்காற்றிலும் ஏற்றத்திலும் கடைசி கியர் மூச்சுவாங்கியது. கியர்பெட்டியிலிருந்து வேகத்தை எடுக்கும் வண்டியென்றால் வேகமானியும் குறைத்துக் காட்டும். உண்மையில் 107-ல் போகும்போது 100 என்று சொல்லும். 14-ஐயே திரும்பப் போட்டேன்.

84-ல் இருந்த உச்சத்தை ஈயக் குண்டுகள் அடக்கின. குழாயின் ஒரு முனையை அடைத்து, சிறிய ஈயக் குண்டுகளைக் கொட்டி, தட்டித் தட்டி இறக்கி, சிறிது இடம் விட்டு மறுமுனையை அடைத்தேன். குண்டுகள் ஒன்றோடொன்று உரசித் துடிப்பின் ஆற்றலை வெப்பமாக்கிவிடுகின்றன. உறிஞ்சுதல் என்ற சொல் இங்கேதான் பொருந்தும். முற்றிலும் நிரப்பி இறுக்கிவிட்டால் உரசல் இருக்காது, எடை மட்டும்தான் மிஞ்சும். 4,700-ல் 19 என்பது 12 ஆயிற்று. ஈயத்தைக் கையுறை இல்லாமல் அள்ளாதீர்கள்.

மற்றவை

ஸ்பாஞ்ச் கைப்பிடி உறைகளைப் போட்டுவிட்டுக் கழற்றினேன். கைப்பிடி தடிமனானதும் பிடிக்க அதிக விசை தேவைப்படுகிறது, இறுக்கிப் பிடித்தால் அதிர்வு எலும்புக்குள் நன்றாக இறங்குகிறது. ஜெல் வைத்த தடித்த கையுறைக்கும் இதே குறை. மாறாக, ஒரு சிறிய காற்றுத்தடுப்பு எதிர்பாராத உதவி செய்தது. 100-ல் காற்று மார்பைத் தள்ளும்போது கைகள் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தள்ளல் குறைந்ததும் உள்ளங்கை தானாகத் தளர்ந்தது. அளவுமானியில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, ஆனால் விரல் மரக்கும் நேரம் வெகுவாகத் தள்ளிப்போயிற்று. செயினைச் சரியான தளர்வில் வைத்ததும், எண்ணெய் விட்டதும் 100-ல் ஒன்றையும் மாற்றவில்லை. 40-ல் இருந்த ஒரு முரட்டுத்தனம் மட்டும் போயிற்று. எண்ணெய் மாற்றினால் அதிர்வு குறையும் என்பதை நான் நம்பவில்லை, அளந்தும் பார்த்தேன், குறையவில்லை.

இன்னும் தீராதது இடது ஃபுட்ரெஸ்ட். முந்துவதற்காக 6,000-ஐத் தாண்டினால் காலணியின் அடிப்பாகம் சுரீரென்கிறது, வலதில் அப்படி இல்லை. ரப்பர் உறைகள் இரண்டும் ஒரே வயது. இடது தாங்கியின் உள்பக்கப் போல்ட் சைடு ஸ்டாண்டின் தகட்டோடு சேர்ந்திருக்கிறது. அடுத்த முறை அதைக் கழற்றும்போது அங்கேயும் அந்தச் செம்பழுப்புத் தூள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.