டவர் செத்த பிறகு

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது வேதாரண்யம் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்தில் வி.ஏ.ஓ.வாக இருந்தேன். 15-ஆம் தேதி சாயங்காலம் வரை ஃபோன்தான் எனக்கு ஆபீஸ். வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை, செயற்கைக்கோள் படம், அந்த ஆண்டு வந்திருந்த டிஎன்-ஸ்மார்ட் என்ற அரசின் பேரிடர் எச்சரிக்கைச் செயலி, முகாம் கணக்கு கேட்கும் வாட்ஸ்அப் குழு என்று எல்லாம் அதற்குள்தான். தமிழ்நாட்டில் 80,000 பேருக்கு மேல் முன்கூட்டியே முகாம்களுக்கு வந்தார்கள். 2004-இல் சுனாமி வந்தபோது எங்கள் கரைக்கு ஒரு வார்த்தை எச்சரிக்கை கிடையாது. அதைப் பார்த்தவன் என்பதால், இந்தக் கருவிகளை யாரும் குறைத்துப் பேசினால் எனக்குத் தாங்காது.

ஆனால் ஒரு பாட்டி கிளம்ப மறுத்தார். புயல் சுழலும் படத்தைக் காட்டினேன். "ஆட்ட விட்டுட்டு எங்கய்யா வர்றது?" என்றார். பள்ளிக்கூடத்துப் பின்கட்டில் ஆடுகளைக் கட்ட இடம் பண்ணித் தருவதாக எங்கள் தலையாரி சொன்ன பிறகுதான் எழுந்தார்.

அந்தத் தலையாரி இன்னொன்றும் சொன்னார்: "எதுக்கும் நோட்டுல எழுதி வச்சிருங்க சார்." கர்ப்பிணிகள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், எந்தத் தெரு, எந்த வீடு என்று ஃபோனில் இருந்ததையெல்லாம் ஒரு குயர் நோட்டில் எழுதினேன்.

16-ஆம் தேதி அதிகாலை கஜா கரை கடந்தது. டவர் செத்தது. தமிழ்நாட்டில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. எங்களுக்குக் கரண்டு வரப் பல நாள் ஆனது. விடிந்ததும் நோட்டைப் பிரித்து வீடு வீடாகப் போனோம். உறவினர் வீட்டில் தங்கிவிட்ட நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரை, விழுந்து கிடந்த தென்னைகளை வெட்டி வழி பண்ணி, கட்டிலோடு தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். அதே வாரம் சேதமான வீடுகளைப் படம் எடுத்து உடனே ஏற்றச் சொல்லி மேலிருந்து உத்தரவு. சிக்னல் தேடி பைக்கில் வெகுதூரம் போவேன். அந்த நேரத்துக்கு ஊரில் தண்ணீர் கேட்டு ஜனங்கள் காத்திருப்பார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் ஆறவில்லை.

கருவி வாங்கப் பணம் வருகிறது. வயர்லெஸ் பேட்டரி மாற்றவும், புயல் பாதுகாப்பு மைய ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றவும் அலைய வேண்டியிருக்கிறது. அதனால் 2019 அக்டோபரில், மழைக்கு முன்னாலேயே, ஜெனரேட்டரை ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தோம். பட்டியலைச் செயலியிலும் நோட்டிலும் புதுப்பித்தோம். நோட்டில் அந்தப் பாட்டியின் பெயருக்கு எதிரே "ஆடு 4" என்று எழுதினேன். செயலியில் அதற்குக் கட்டம் இல்லை.