டபிள்யூ.டி.ஐ.யோடு ஒத்துப்போனால் போதுமா?

மதுரையைச் சுற்றியுள்ள துணைமின் நிலையங்களில் டிரான்ஸ்பார்மர்களின் வெப்ப மாடல்களைச் சரிபார்ப்பது என் வேலை. லோடையும் காற்றின் வெப்பத்தையும் கொடுத்தால், வைண்டிங்கில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில்) மிகச் சூடான இடம் எத்தனை டிகிரி என்று மாடல் கணக்குப் போடும். அந்தக் கணக்கை நம்பி லோடு ஏற்றலாமா என்று நான் சொல்ல வேண்டும். வைண்டிங் வெப்பத்தைக் காட்ட டிரான்ஸ்பார்மரிலேயே டபிள்யூ.டி.ஐ. என்ற முள் மீட்டரும் இருக்கும்.

"சார், டபிள்யூ.டி.ஐ. காட்டுறதும் உங்க கணக்கும் ஒண்ணாத்தானே வருது. அப்புறம் எதைப் பாக்குறீங்க?" என்று ஒரு ஷிஃப்ட் ஆபரேட்டர் கேட்டார். நல்ல கேள்வி. பல மதிப்பீடுகள் அந்த ஒற்றுமையைக் கண்டதும் முடிந்துவிடுகின்றன.

ஆனால் டபிள்யூ.டி.ஐ. வைண்டிங்கைத் தொடுவதே இல்லை. அதன் வெப்பம் உணரும் பல்பு இருப்பது மேல் எண்ணெயில், அதாவது தொட்டியின் மேல்பகுதி எண்ணெயில். சி.டி.யிலிருந்து (லோடு மின்னோட்டத்தை அதே விகிதத்தில் சிறிதாக்கித் தரும் கருவியிலிருந்து) வரும் மின்னோட்டம் ஒரு சின்ன ஹீட்டரைச் சூடாக்கி, எண்ணெய்க்கும் வைண்டிங்குக்கும் இடையே இருக்க வேண்டிய வித்தியாசத்தை முள்ளில் கூட்டிவிடுகிறது. அந்த வித்தியாசம் தொழிற்சாலைச் சோதனையை வைத்துக் கணக்கிட்டது. நம் மாடலும் அதே எண்ணை எடுத்துக்கொண்டால், இரண்டும் ஒத்துப்போவதில் வியப்பென்ன? ஒரு கணக்கை இன்னொரு கணக்கோடு ஒப்பிட்டிருக்கிறோம், அவ்வளவே.

இதில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம், வைண்டிங் கம்பியைச் சுற்றியிருக்கும் காகிதம். டிரான்ஸ்பார்மர் லோடு பற்றிய ஐ.இ.சி. 60076-7 என்ற சர்வதேச வழிகாட்டியின்படி, சாதாரண இன்சுலேஷன் காகிதம் 98 டிகிரியில் இயல்பான வேகத்தில் மூப்படையும். ஒவ்வொரு 6 டிகிரிக்கும் அந்த வேகம் இரட்டிக்கும். 110 டிகிரியில் நான்கு மடங்கு. எண்ணெயை வடிகட்டலாம், மாற்றலாம். உள்ளே சுற்றியிருக்கும் காகிதத்தை அப்படி மாற்ற வழியில்லை.

அதனால் ஆண்டு முழுவதற்குமான சராசரிப் பிழையை நான் பெரிதாக எடுப்பதில்லை. மார்கழி இரவுகளில் மாடல் சரியாக வந்து என்ன பயன்? கத்திரி வெயில் நாளில், சூரிய மின்சாரம் குறைந்து, வீடுகளில் ஏ.சி. ஓடத் தொடங்கும் அந்த அந்தி நேரம்தான் சோதனை. லோடு சட்டென ஏறும்போது வைண்டிங்குக்குள் எண்ணெய் ஓட்டம் உடனே வேகமெடுக்காது. மேல் எண்ணெய் இன்னும் மெதுவாக ஏறிக்கொண்டிருக்க, வைண்டிங் முந்திக்கொள்ளும். எளிய மாடல்கள் பிசகுவது அங்கேதான், அதுவும் குறைத்துக் காட்டும் பக்கமாக. கூட்டிக் காட்டினால் கொஞ்சம் லோடு இழப்போம். குறைத்துக் காட்டுவதை நான் ஏற்பதில்லை.

காற்றின் வெப்பத்தையும் ரேடியேட்டர் அருகே நிழலில் அளக்கச் சொல்வேன். விமான நிலைய வானிலை அளவு, ஜல்லி பரப்பிய யார்டின் சூட்டைச் சொல்லாது.

பழைய டிரான்ஸ்பார்மரில் நேரடியாக அளக்க முடிவது மேல் எண்ணெய்தான். ஆகவே என் அறிக்கையில் எண்ணெய்க்கு மட்டும் ‘சரிபார்த்தது’ என்று எழுதுகிறேன், வைண்டிங்குக்கு ‘கணக்கிட்டது’. புதிதாக வாங்கும்போது வைண்டிங்குக்குள் ஃபைபர் ஆப்டிக் சென்சார் கேளுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன். அதை டிரான்ஸ்பார்மர் செய்யும்போதே பதிக்க வேண்டும்.